கால் நாழிகையில் பறந்த கிழட்டு மாடு

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், பொழுது போகாத ராஜாக்கள் சட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் அவர் கோட்டை வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாட்டுவண்டி கடந்து போனது. புழுதி கிளம்பி ராஜாவின் மூக்கில் ஏறியது. ஒன்பது தும்மல். பத்தாவது தும்மல் வருவதற்குள் சட்டம் வந்துவிட்டது. கோட்டை வாசலிலிருந்து ஆற்று வாசல் வரை இரண்டு நாழிகைக்குக் குறைவாக எந்த வண்டியும் போகக் கூடாது. போனால், இழுத்த மாடு படைக்கு மூட்டை சுமக்கப் போய்விடும்.

அந்தச் சாலையில் ஒரு குழியில் இறங்கி ஏறுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். வேகமாகப் போக வேண்டுமென்று தவம் கிடந்தாலும் யாராலும் முடியாது. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே! கோட்டை வாசலில் புறப்பட்ட நேரத்தை ஓலைச்சீட்டில் எழுதுவார்கள். ஆற்று வாசலில் போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதுவார்கள். இதற்கெல்லாம் தலைவர், சாலை அதிகாரி தாண்டவராயர். அரண்மனைக் குதிரை லாயமும் அவர் பொறுப்புதான். ஒரு வேலையையே ஒழுங்காகப் பார்க்காதவருக்கு இரண்டு வேலை கொடுப்பது அந்த நாட்டு வழக்கம்.

மூன்று மாதம் கழித்து ராஜா, இதுவரை ஒருவன்கூடவா சிக்கவில்லை என்று கேட்டுவிட்டார். தாண்டவராயருக்கு உடனே நினைவுக்கு வந்தவன் அவை விகடன் குப்பாண்டி. காரணம் இருந்தது. அதிகாரி ராஜாவைப் புகழ்ந்து நூறு பாட்டு எழுதிப் பாடியபோது ராஜா கொட்டாவி விட்டார். குப்பாண்டி பக்கத்தில் நின்று ஒரு செருமல் செருமினான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அதிகாரிக்குச் சோறு இறங்கவில்லை.

குப்பாண்டியின் வண்டி போன நேரத்தைச் சீட்டில் ஒன்றரை நாழிகை என்று எழுதியிருந்தாலே போதும். ஆனால் நேரம் குறையக் குறையக் குற்றம் பெரிதாகுமே என்று அவருக்கு ஆசை. ஒரு நாழிகை என்று எழுதினார். அடித்துவிட்டு அரை என்று எழுதினார். கடைசியில் கால் நாழிகை என்று எழுதிய பிறகுதான் மனம் குளிர்ந்தது.

சீட்டின் நகல் வீட்டுக்கு வந்தபோது குப்பாண்டி முதலில் மாட்டைத்தான் திரும்பிப் பார்த்தான். அவனுடைய மாடு மயிலைக்குப் பல் போய் நாலு வருடமாகிறது. மனைவி இறந்த பிறகு வீட்டில் அவனுக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். படைக்குப் போனால் பத்து நாள் தாங்காது. சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தான். மூன்றாவது தடவை படித்து முடித்ததும் எழுந்து போய் மயிலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

மறுநாள் அவையில் அதிகாரி சீட்டை ராகம் போட்டு வாசித்தார். இரண்டு காவலர்கள் தங்கள் கண்ணாலேயே கண்டதாகச் சத்தியம் செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ராஜா கேட்டார்.

"ஒப்புக்கொள்கிறேன், மகாராஜா. அதிகாரி எழுதியது ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. மாட்டைக் கொண்டு போகலாம். அதற்கு முன்னால், அதற்குச் சேர வேண்டிய பரிசை மட்டும் கொடுத்துவிடுங்கள்."

"என்ன பரிசு?"

போன தசராவில் இதே சாலையில் மணல் கொட்டி, குழிகளை நிரப்பி, பட்டத்துக் குதிரையை ஓடவிட்டதைக் குப்பாண்டி நினைவுபடுத்தினான். குதிரை அரை நாழிகையில் போனது. நாலு காலுள்ள ஜீவன் எதுவும் இதை முந்த முடியாது என்று தாண்டவராயர் முழங்கினார். குதிரையை வளர்த்த பெருமைக்காக ராஜா தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

"என் மாடு கால் நாழிகையில் போயிருக்கிறது. அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது, கண்ணால் கண்ட சாட்சி இரண்டு இருக்கிறது. மகாராஜாவின் குதிரையைப் பல்லில்லாத கிழட்டு மாடு முந்திவிட்டது. அந்தக் காப்பு இனி மாட்டுக்கல்லவா சேர வேண்டும்?" என்றான்.

ராஜாவின் முகம் கறுத்தது. அவர் மெதுவாக அதிகாரி பக்கம் திரும்பினார்.

"தாண்டவராயரே, என் குதிரை தின்ன வேண்டிய கொள்ளை யார் தின்கிறார்கள்?"

அதிகாரி மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சீட்டு மெய் என்றால் லாயம் போய்விடும். பொய் என்றால் சாலை போய்விடும். அன்றைக்குக் காற்று பின்னாலிருந்து பலமாக வீசியது என்று ஏதோ முனகினார். மாட்டையே பார்த்துவிடுவோம் என்று ராஜா எழுந்தார்.

மயிலை அரண்மனை வாசலில் படுத்திருந்தது. அடுத்த தெருவிலிருந்து வரத் தாங்கள் விடிவதற்கு முன்பே கிளம்பியதாகக் குப்பாண்டி பணிவோடு சொன்னான். மாட்டை எழுப்பச் சொன்னார் ராஜா. அது பின்னங்கால்களை ஊன்றி இடுப்பைத் தூக்கியது. சற்று யோசித்தது. பிறகு பழையபடி படுத்துக்கொண்டது.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. தும்மலைப் போலவே அதையும் அவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியின் கையிலிருந்த காப்பைக் கழற்றினார். குனிந்து மயிலையின் கொம்பில் மாட்டினார். அரண்மனைக் கொள்ளில் தினம் ஒரு படி இனி மயிலைக்கு என்றார். குப்பாண்டி அன்றுதான் ராஜாவின் முன்னால் முதல்முறையாக அழுதான்.

சட்டத்தை எடுத்துவிடலாமே என்று மந்திரி மெல்லக் கேட்டார். போட்ட சட்டத்தை எடுப்பதாவது! இத்தனை வேகமான மாட்டைக் காவலில்லாமல் விடக் கூடாது என்று ராஜா உத்தரவிட்டார். தினமும் தாண்டவராயர் மயிலைக்கு முன்னால் நடந்து, அது வேகம் மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரத்தையும் தம் கையாலேயே எழுத வேண்டும்.

மறுநாள் காலையில் கோட்டை வாசலில் கிளம்பிய ஊர்வலம் ஆற்று வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதிகாரி வீங்கிய காலைத் தடவிக்கொண்டே நேரத்தைச் சீட்டில் எழுதினார். இந்த முறை கால் நாழிகைகூடக் குறைக்கவில்லை.