தாய்: நாட்டுப் பெண்

சீடருக்கு வயது அறுபத்துமூன்று. குருவுக்கு நாற்பத்தைந்து. பழங்கோட்டையில் இதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு.

சீடர் ஆர்தர் ஃபிளின், பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். குரு தொபியாஸ், மாதா கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் ஊரில் இல்லாத நாளில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் கற்றுக்கொடுப்பது, கோயிலின் பழைய பதிவேடுகளைப் பூச்சி அரிக்காமல் காப்பது, எல்லாம் அவர் வேலை. இருநூறு வருஷத்து லத்தீன் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஃபிளின் அதைக் கற்றுக்கொள்ள வந்து மூன்று வருஷமாகிறது. வாசிக்கக் கற்றாகிவிட்டது. தேடி வந்ததுதான் கிடைக்கவில்லை.

அவர் தேடியது ஒரு பேர்.

1803-இல் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற லாசர் ஃபிளின்தான் குடும்பத்தில் இந்த மண்ணில் பிறந்த முதல் பிள்ளை. தகப்பன் டொமினிக், அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த கும்பெனிப் பீரங்கிக்காரன். கல்லறையில் அவனுக்குக் கருங்கல் பலகையே இருக்கிறது. ஆனால் தாய் என்று எழுத வேண்டிய இடத்தில் அன்றைய சாமியார் எழுதியது இரண்டே சொல்: நாட்டுப் பெண்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் பூசைக்கு முன்பு இறந்தவர்களின் பேரை எழுதிக் கொடுப்பார்கள். சாமியார் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். ஃபிளின் மூன்று வருஷமாக ஐந்து பேரை எழுதி, ஆறாவது வரியை வெற்றாக விட்டுக் கொடுத்துவந்தார். வெற்று வரியை எந்தச் சாமியாரால் வாசிக்க முடியும்?

இந்த வருஷமும் முந்தின நாள் மத்தியானமே வந்துவிட்டார்.

"உபதேசியாரே, அஞ்சாம் தேதி எனக்கு ஃப்ளைட். ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்குற மக வீட்டுக்குப் போயிட்டா, இனி இந்தப் பக்கம் வர்றது சந்தேகம்தான்."

"தெரியும் சார்."

"லாசரைப் பெத்தவ வாழ்ந்த மண்ணுல நின்னு, ஒரே ஒரு தடவை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"கல்யாணப் பதிவேடு?"

"பார்த்தாச்சு. இல்ல."

"அடக்கப் பதிவேடு?"

"அதுலயும் இல்ல. ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேராதவன்னு விட்டுட்டாங்க போல." ஃபிளின் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் எங்கே தேட?"

தொபியாஸ் அலமாரியைத் திறந்து அந்தப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"லாசரோட பதிவை வாசிங்க."

"அது எனக்கு மனப்பாடம்."

"மனப்பாடமா வேண்டாம். பார்த்து வாசிங்க."

ஃபிளின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லத்தீனைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனார். "பிள்ளைக்கு வயது இருபது நாள். பெரிய ஏரி உடைந்த மறுநாள், பால் கறக்கும் வேளையில் பிறந்தது. தலைப்பிள்ளை. தகப்பன் பீரங்கிப்படை டொமினிக் ஃபிளின். தாய்: நாட்டுப் பெண்."

"ஏரி உடைஞ்சது எந்த மாசம்?"

"ஐப்பசி."

"அப்ப டொமினிக் எங்க இருந்தாரு?"

"அவன் எங்க இங்க இருந்தான்? ஆனி மாசம் படையோட வடக்கே போனவன், மாசியிலதான் திரும்பினான். ஆள்பட்டியல் நகல் வச்சிருக்கேன்."

"அப்ப ஏரி உடைஞ்ச கதையைச் சாமியார்கிட்ட யாரு சொன்னாங்க?"

ஃபிளின் மறுபடி பதிவேட்டின் மேல் குனிந்தார்.

"இருபது நாள் பால்குடிப் பிள்ளை, சார். யாரு தூக்கிட்டு வந்திருப்பாங்க?"

ஃபிளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மூன்று வருஷமாக நூறு தடவை வாசித்த வரி. ஒவ்வொரு தடவையும் கடைசி இரண்டு சொல்லுக்குத்தான் அவர் கண் ஓடியிருக்கிறது. இப்போது முதல் சொல்லிலிருந்து வாசித்தார். ஏரி உடைந்த மறுநாள். பால் கறக்கும் வேளை. தலைப்பிள்ளை. புருஷன் எங்கோ சண்டையில் இருக்க, மொழி சரியாகப் புரியாத ஒரு சாமியாருக்கு முன்னால் நின்று ஒருத்தி சொன்ன சொற்கள் இவை. அழுகையை அவர் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அழுகை கோபமானது.

"இவ்வளவும் சொன்னவகிட்ட, 'உன் பேர் என்னம்மா'ன்னு ஒரு வார்த்தை கேக்கலையே அந்த மனுஷன்!"

"கேக்கல. தப்புதான்."

"எழுதினவர் செத்து மண்ணாயிட்டாரு. இனி யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

உபதேசியார் பதிவேட்டை மூடினார். "வாங்க, கல்லறைப் பக்கம் போயிட்டு வருவோம்."

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். ஆளாளுக்குப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மறுநாளுக்காகச் செவந்திப் பூவைத் தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தொபியாஸ் வாசலிலேயே நின்று குரல் கொடுத்தார்.

"ஜெனிபர் அம்மா!"

தூரத்தில் ஒரு சமாதிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெண் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துத் திரும்பினாள். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஃபிளின் வரும் நாளிலெல்லாம் அவருக்குக் கடுங்காப்பி போட்டுத் தருகிறவள்.

"இந்தம்மாவோட பேரு என்ன சார்?" தொபியாஸ் மெதுவாகக் கேட்டார்.

ஃபிளின் விழித்தார். மூன்று வருஷக் காப்பி. அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு.

அவரே நடந்து அவளிடம் போனார். "ஏம்மா, உன் பேர் என்ன?"

"என் பேரா? எதுக்கு சார் இப்ப?" அவள் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அமலோற்பவம். கேட்டே பல வருஷமாச்சு. இந்தத் தெருவுல போய் அமலோற்பவம்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. ஜெனிபர் பொறந்ததுல இருந்து ஜெனிபர் அம்மாதான்."

"அமலோற்பவம்," என்று ஃபிளின் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

உபதேசியார் முன்னால் நடந்தார். கல்லறையின் மேற்கு மதில் வந்ததும் நின்றார். மதில் இடுப்பு உயரம்தான். அந்தப் பக்கம் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது.

"நாம பார்த்த பழைய வரைபடம் ஞாபகம் இருக்கா சார்? பீரங்கிக்காரங்க குடியிருந்த தெரு இதுதான்."

"ஞாபகம் இருக்கு."

"இருபது வீடு. வாசலுக்கு வாசல் பொம்பளைங்க பேசிக்குவாங்க. நெருப்புக் கேப்பாங்க, உப்புக் கேப்பாங்க. அந்தத் தாயைக் கூப்பிடாமலா இருந்திருப்பாங்க?"

ஃபிளின் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு மதிலுக்கு அப்பால் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இளகியது. தொப்பியைக் கழற்றி மதில்மேல் வைத்தார். இரண்டு கையையும் மதிலில் ஊன்றிக்கொண்டார். ரயில்வே கார்டாக முப்பத்தைந்து வருஷம் பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி கத்தியவருக்கு இப்போது குரல் எழும்பவில்லை.

"லாசர் அம்மா," என்றார்.

பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாக் கூப்பிடுங்க சார்," என்றார் உபதேசியார். "உள்ள வேலையா இருப்பாங்க."