பஸ் நிழலில் வந்த கருப்பட்டி மிட்டாய்

எருக்கம்பட்டிக்காரர்களை ஒரு குறை சொல்ல முடியாது. சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். யார் சொன்னாலும் தட்டமாட்டார்கள், அதுதான் கோளாறு.

ஒருநாள் காலையில் வீரணனும், அவன் கூட்டாளி சங்கிலியும், ஊருக்கே யோசனை சொல்கிற மொக்கையன் மாமாவும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் ஒன்று வந்து நின்றது. "ஏறு, ஏறு, சீக்கிரம் ஏறு!" என்றார் கண்டக்டர். மூன்று பேரும் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு ஏறிவிட்டார்கள். டிக்கெட் கிழித்தபோதுதான் பஸ் பொன்னாவரம் போகிறது என்று தெரிந்தது.

"நல்ல ஊராச்சே! தெப்பக்குளத்தைப் பார்த்துட்டு வருவோம்" என்றார் மாமா.

போகிற வழியில், ஊர்க் குழாயடியில் வீரணன் பெண்சாதி செவனம்மா நின்றிருந்தாள். மசக்கைக்காரி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பாதியாய் இளைத்துப்போயிருந்தாள்.

"புள்ள! பொன்னாவரம் போறோம்!" என்று ஜன்னல் வழியே கத்தினான் வீரணன்.

"போறதுதான் போறீங்க, கருப்பட்டி மிட்டாய் வாங்கியாங்க! அது ஒண்ணுதான் உள்ள இறங்கும்போலத் தோணுது!"

வீரணன் அதை மனசில் முடிந்துகொண்டான். மிட்டாய் போய்ச் சேர்ந்தால்தான் அவள் வயிற்றுக்குச் சோறு.

பொன்னாவரம் சின்ன ஊர்தான், அழகான ஊர். தெப்பக்குளம், படித்துறையில் வாத்து, கரையில் புல்வெளிப் பூங்கா. புல்லில் பலகை நட்டிருந்தது. சங்கிலி எழுத்துக்கூட்டிப் படித்தான்: "புல்லின் மீது நடக்காதீர்."

மாமா யோசித்தார். "நடக்கத்தானே கூடாது?"

மூன்று பேரும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புல்லில் உருண்டே அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். காவல்காரர் விசிலை வாயில் வைத்தவர், ஊத மறந்து நின்றார்.

மிட்டாய்க் கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "வெயில் பட்டா பாகு உருகிரும் தம்பி. நிழல்லயே கொண்டு போங்க" என்றார்.

கடைப் பந்தலின் நிழல் முடிகிற இடத்தில் வீரணன் நின்றுவிட்டான். தெருவெல்லாம் வெயில்.

"மாமா, நிழல் இதோட முடிஞ்சுபோச்சே!"

"நம்ம ஊருக்குப் போற நிழலாப் பார்த்துப் பிடிக்கணும்டா."

ஒரு எருமை வந்தது. அதன் நிழலில் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே போனான். எருமை நேரே வாய்க்காலில் போய்ப் படுத்துக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வீரணன் பரிதாபமாகப் பார்த்தான்.

"எருமைக்கு நம்ம ஊர்ல என்னடா சோலி?" என்று கரையிலிருந்து திட்டினார் மாமா. "வா, பஸ் நிழல்தான் சரி!"

பஸ் கிளம்பத் தயாராக நின்றது. மாமாவும் சங்கிலியும் ஏறிக்கொண்டார்கள். வீரணன் ஏறவில்லை.

"உள்ள வாய்யா, உள்ளயும் நிழல்தானே?" என்றார் கண்டக்டர்.

"உள்ள இருக்கிறது பஸ்ஸுங்க. நிழல் இந்தா, வெளிய தரையில கிடக்கு."

பஸ் நகர்ந்தது. நிழலும் நகர்ந்தது. நிழலோடு வீரணனும் ஓடினான். நல்லவேளை, அது ஆட்டுமந்தைக்கெல்லாம் நின்று வழிவிடுகிற கிழட்டு பஸ்.

"பின்தங்குறான், பின்தங்குறான்! முன்னால வாடா!" என்று ஜன்னலில் மாமா.

"ஓடுறவருக்கு நான் டிக்கெட் போடணுமா, வேண்டாமா?" என்று தலையைச் சொறிந்தார் கண்டக்டர்.

"நிழல் உங்களோடதுதானே? அரை டிக்கெட் போடுங்க" என்றான் சங்கிலி.

பாதை திரும்பினால் நிழல் மறுபக்கம் போகும். வீரணனும் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடுவான். செவனம்மாவின் வற்றிய முகம் கண்ணுக்குள் நின்றது. கால் ஓய்ந்தாலும் கை பொட்டலத்தை விடவில்லை.

ஊர் எல்லையில், பால் சொசைட்டி சுவர் பக்கம் வரும்போது பொழுது அடைந்துவிட்டது. நிழலைக் காணோம்! வீரணன் அப்படியே நின்றுவிட்டான். மாமாவும் சங்கிலியும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிவந்தார்கள்.

"வெயில்தான் இல்லையேடா, நடந்து போவோம்" என்றான் சங்கிலி.

"வெயில் இல்ல, சரி. நிழல் எங்க? நிழல்லயே கொண்டு போகச் சொன்னாருல்ல?" வீரணனுக்கு அழுகை வந்துவிட்டது. "வீடு அந்தா தெரியுது. அவ பசியோட இருப்பா மாமா."

பேச்சுச் சத்தம் கேட்டு, செவனம்மாவே டார்ச் லைட் அடித்துக்கொண்டு வந்தாள். வெளிச்சம் பட்டதும் வீரணனின் நிழல் சுவரில் பெரிதாய் விழுந்தது. அதன் கையிலும் ஒரு பொட்டலம்!

"மாமா, பொட்டலம் ரெண்டாயிருச்சு!"

மாமா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "உன் கையில உள்ளதுல வெளிச்சம் பட்டுருச்சு, அது ஆகாது. சுவத்துல உள்ளதுதான் பதமா நிழல்லயே இருக்கு. அதை எடுத்து அவளுக்குக் குடு."

வீரணன் பொட்டலத்தோடேயே சுவரைப் பிறாண்டினான். நகம்தான் தேய்ந்தது.

செவனம்மா சுவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். டார்ச்சைப் பட்டென்று அணைத்தாள். இருட்டில் வெடுக்கென்று ஒரு பிடுங்கல், அப்புறம் மொறுமொறுவென்று கடிக்கிற சத்தம்.

"சுவத்துல இருந்ததை எடுத்துட்டாடா, கெட்டிக்காரி!" என்றார் மாமா.

"உள்ள இறங்குதா புள்ள?" என்றான் வீரணன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"ம்ம்... இறங்குது... தேனா இறங்குது."

வீரணனுக்கு உயிர் வந்தது. கையைத் தடவினான். காலி. "மாமா! அவ தின்கிறது நிழல் பொட்டலம்னா, கடைக்காரர் குடுத்ததைக் காணோமே!"

மூன்று பேரும் மண்டியிட்டுத் தரையைத் துழாவ ஆரம்பித்தார்கள். ஐயோ பாவம் என்று செவனம்மா மறுபடியும் டார்ச்சை எடுத்தாள்.

"அடிக்காத, அடிக்காத!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள். "வெளிச்சம் பட்டா உருகிரும்! நீ தின்னு, நாங்க இருட்டுலயே தேடிக்கிறோம்!"