ஒரு எட்டு வா, சருகா

முன்னொரு காலத்திலே, பல்லிகள் வாய் திறந்து பேசிய காலத்திலே, கருங்குன்றத்தின் அடிவாரத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். விறகு வெட்டிப் பிழைப்பவள். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு அவளுடைய அண்ணன் கூத்தன். அவன் ஒருநாள் தேன் எடுக்க மலையுச்சிக்கு ஏறினான். உச்சியில் குடியிருந்த மந்திரவாதி, என் மலையில் உனக்கு என்னடா வேலை என்று கேட்டு, நின்ற இடத்திலேயே அவனைக் கல்லாக்கிவிட்டான். பாவி!

தேடிப்போன சிலம்பாயி அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்லின் தோளில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. பல்லி வாக்குக்கு நம்மிடம் என்ன மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது சொன்னது:

"மந்திரவாதி வளர்த்த நாய் ஒன்று உண்டு. அது இங்கே மூன்று முறை குரைத்தால் உன் அண்ணன் பிழைப்பான். அந்தக் குரைப்புக்குப் பயந்துதான் மந்திரவாதி அதைக் கல்லால் அடித்தே ஊமையாக்கித் துரத்தினான். தூக்கி வராதே, கயிறு கட்டி இழுக்காதே, அதுவாக நடந்து வரவேண்டும். முதல் மழைக்குள் வரவேண்டும். கல்லில் பாசி பிடித்துவிட்டால் அப்புறம் அது கல்தான்."

சந்தைமேட்டுப் புதருக்குள் அந்த நாயைக் கண்டுபிடித்தாள். எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. காற்றடித்தாலும் நடுங்கியது. சருகு மாதிரி நடுங்கியதால் சருகன் என்றே பேர் வைத்தாள். மூன்று நாள் கஞ்சியை வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். நாலாம் நாள் அவள் பக்கத்தில் இருக்கும்போதே குடித்தது.

பிறகு மலையேற்றம். அவள் முன்னால் ஓரடி வைப்பாள், நிற்பாள். "ஒரு எட்டு வா ராசா. ஒரே ஒரு எட்டு." அது வைத்தால் இவளும் அடுத்த அடி வைப்பாள். முதல் நாள் புளியமரம் வரைக்கும். ஒரு பழம் விழுந்த சத்தத்துக்கே திரும்பி ஓடியது. பத்தாம் நாள், கிறீச்சிடும் மூங்கில் காட்டைத் தாண்டியது. அப்புறம் வழுக்குப்பாறை. அங்கே அரை நாள் நின்று யோசித்துவிட்டு, ஒரே தாவு! காலிடுக்கில் இருந்த வால் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளியே வந்தது. சிலம்பாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

உச்சிக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி. அங்கேதான் தப்புப் பண்ணினாள். காலில் முள் தைக்க, எல்லோரையும் போல அவளும் எடுக்கக் குனிந்தாள்.

அவ்வளவுதான். கல்லடி பட்ட நாய்க்கு, குனிகிற ஆள் என்றால் கல் எடுக்கிற ஆள். சருகன் ஒரே ஓட்டமாக ஓடிப் பழைய புதருக்குள் புகுந்துகொண்டது. மூன்று நாள் வெளியே வரவில்லை. சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். காலில் முள் பாதி ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது, மேற்கே மேகம் கட்டிவிட்டது.

இனிமேல் குனியாமல் இருந்தால் போயிற்று என்பீர்கள். உச்சியில் நிற்கிறவன் குனிவானே, அதற்கு என்ன செய்வது? அதனால் அவள் குனிந்தாள். எட்டத்தில் நின்று, மெள்ளமாக. குனிந்த கையால் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். முதலில் ஓடியது. பிறகு ஓடாமல் பதுங்கியது. பிறகு, அவள் குனிந்தாலே கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது.

மறுபடி ஏறினார்கள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவள், பின்னால் சருகன். மூங்கில் காடு தாண்டியது. வழுக்குப்பாறை தாண்டியது. உச்சிக்கு வந்தபோது இடி உறுமியது.

மந்திரவாதி பழைய நாயைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கல்லை எடுக்கக் குனிந்தான்.

சருகனின் பின்னங்கால் வெடவெடத்தது. வால் உள்ளே போனது.

"ஒரு எட்டு, ராசா" என்றாள் சிலம்பாயி, மெள்ளமாக.

சருகன் அவளைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. ஓர் எட்டு வைத்தது, முன்னால். பிறகு குரைத்தது.

முதல் குரைப்பில் அவன் கையிலிருந்த கல் நழுவியது. இரண்டாவதில் அவன் விரல்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. மூன்றாவதில் குனிந்தவன் குனிந்தபடியே கல்லானான்.

முதல் மழைத்துளி கூத்தனின் முகத்தில் விழுந்தது. அவன் கண்ணைச் சிமிட்டித் துடைத்துக்கொண்டான்.

தங்கையின் காலைப் பார்த்ததும் பதறிப்போய், முள்ளை எடுக்கக் குனிந்தான். சருகன் ஓடவில்லை. கிட்டே வந்து, கருவாடு இருக்கிறதா என்று அவன் கையை மோந்து பார்த்தது.

அந்த மழைக்கே குனிந்த கல்லில் பாசி பிடித்துவிட்டது. இவர்கள் மூன்று பேரும் மலையிறங்கினார்கள். சிலம்பாயியால் வேகமாக நடக்க முடியவில்லை. முன்னால் போன சருகன் ஓரடி வைத்தது, நின்றது, திரும்பி அவளைப் பார்த்தது. அவள் ஓரடி வைத்த பிறகுதான் அடுத்த அடி வைத்தது. வீடு வரைக்கும் அப்படியே வந்தது.