வெற்றிலை போட்ட விஸ்கி

சிங்காரவேலு மாஸ்டர் பாயசத்தைக் கீழே ஊற்றிய கல்யாணத்தில்தான் அமலா அவரைக் கண்டுபிடித்தார்.

முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. இலையில் உப்பு வைத்தாகிவிட்டது. சமையல் மாஸ்டர் அண்டாவின் பக்கம் வந்தார், மூக்கைச் சுருக்கினார், "தூக்குங்கடா, இது பந்திக்குப் போகாது" என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, அமிர்தமாக இருக்கிறதே என்று சண்டைக்கு வந்தார். மாஸ்டர் அசையவில்லை.

"அடிப்பிடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

கல்யாணத்துக்கு வந்திருந்த அமலாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். புகை இருந்தது. நூல் அளவு. அந்தப் பந்தலில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

கை கழுவிய கையோடு மாஸ்டரிடம் போனார். "எங்கிட்ட வேலைக்கு வர்றீங்களா?"

"எத்தனை பேருக்குச் சமையல்?"

"சமையல் இல்ல. மோந்து பார்க்கணும்."

மாஸ்டருக்கு அறுபது தாண்டிவிட்டது. பாதித் தொழிலை மருமகனிடம் கொடுத்துவிட்டு, மீதிப் பொழுதில் மருமகனின் சாம்பாரில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் மருமகனே அவருடைய பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

அமலாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஒரு விஸ்கி ஆலை. அங்கே எந்தப் பீப்பாயை எப்போது திறக்க வேண்டும், எது பாட்டிலுக்குப் போக வேண்டும் என்று சொல்பவர் அவர்தான். குரு அவர். ஆனால் சீடரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்று வாட்ச்மேனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதல் நாள் அமலா ஒரு கிளாஸை நீட்டினார். மாஸ்டர் மோந்தார். உடனே கீழே வைத்தார். அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது.

"மேடம், தீஞ்சு போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க, எல்லார் கையிலயும் நடக்கிறதுதான். கீழ ஊத்திட்டு வேற வெச்சிரலாம்."

"தீயல, மாஸ்டர். நான்தான் புகை போட்டேன்."

"எதுக்கு?"

அமலா அவரைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்த கறுப்புக் கட்டிகள் அடுக்கியிருந்தன. சதுப்பு நிலத்தில் காலங்காலமாக மக்கிப்போன புல்லும் பாசியும். பீட் என்று பெயர். அதைக் கீழே கொளுத்தி, மேலே ஈரமாக முளைகட்டிய பார்லியைப் பரப்பி வைப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடிக்கும்போதும் விடாமல், பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்தாலும் போகாமல் நிற்கும்.

"வேணும்னேயா?" என்றார் மாஸ்டர்.

"வேணும்னேதான்."

மாஸ்டர் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

தினமும் மோந்து, ஒரு வாய் வைத்து, துப்பிவிட்டுச் சொல்ல வேண்டும். மாஸ்டர் புகார் கொடுப்பது போலச் சொல்வார். "டிங்க்சர் அடிக்குது மேடம். கட்டுப் போடுற பஞ்சு. பக்கத்து வீட்டுல கருவாடு சுடுறாங்க. தார் போட்ட கயிறு. மழையில நனைஞ்ச கோணிச் சாக்கு."

"வேற?"

"இன்னும் வேற வேணுமா?"

அமலா சிரிக்க மாட்டார். "நாளைக்கும் பாருங்க" என்பார்.

இதற்கிடையில் முதலாளி ஒரு தேதி வைத்தார். நகரத்து ஓட்டல்காரர்கள் வருகிறார்கள். முதல் புகைப் பீப்பாயை அவர்கள் ருசி பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் தொடரலாம். இல்லாவிட்டால் இந்தப் புகை வேலையே வேண்டாம், பீட் அறையில் காலி பாட்டில் அடுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அமலா சரி என்றார். அன்றைக்கு அவர் காபி ஆறிப்போய் மேஜையிலேயே இருந்ததை மாஸ்டர் பார்த்தார்.

நல்ல பொண்ணு, பத்துப் பேர் எதிரில் தலைகுனியப் போகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

ருசி பார்க்கும் நாள் வந்தது. பீப்பாயிலிருந்து எடுத்து நிரப்பிய கண்ணாடி ஜாடி மேஜையில் இருந்தது. அமலா விருந்தாளிகளை அழைத்துவர வாசலுக்குப் போனார். அவர்களுக்கு முன்னால் உள்ளே வந்து, ஊற்றுவதற்கு முன் வழக்கம்போல ஜாடியை மோந்தார். அப்படியே நின்றார்.

"மாஸ்டர். வெற்றிலையா?"

"கும்பகோணம் வெற்றிலை, மேடம். கொழுந்தா பார்த்துக் கிள்ளிப் போட்டேன். தீஞ்ச பாலுக்குப் போடுவோம். வாடையை இழுத்துரும்."

"உப்பு?"

"ஒரு சிட்டிகை."

"இழுத்துச்சா?"

மாஸ்டர் மோந்து பார்த்தார். பொய் சொல்ல அவர் மூக்கு விடவில்லை.

"இல்ல மேடம். ஆஸ்பத்திரியில யாரோ தாம்பூலம் போட்ட மாதிரி இருக்கு."

அமலா அந்த ஜாடியை அலமாரியில் வைத்தார். பீப்பாய்க்குப் போய் வேறொரு ஜாடியை நிரப்பி வந்தார். கிளாஸ்களில் ஊற்றினார். விருந்தாளிகள் உட்கார்ந்ததும், "இவர் சொல்லுவார்" என்று மாஸ்டரைக் காட்டினார்.

"நானா மேடம்?"

"மோந்ததைச் சொல்லுங்க. மோக்காததைச் சொல்லாதீங்க."

மாஸ்டர் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். டிங்க்சர் என்றார். பஞ்சு என்றார். கருவாடு என்றபோது முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். கோணிச் சாக்கு வந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் ஒரு வாய் வைத்தார். துப்ப மறந்துவிட்டார். முழுங்கிவிட்டு அப்படியே நின்றார்.

"அடியில பாகு இருக்கு" என்றார் மெதுவாக. "வெல்லப் பாகு. கம்பிப் பதம். சரியா இறக்கியிருக்காங்க. ஒரு நொடி பிந்தியிருந்தாலும் கசந்திருக்கும்." இன்னொரு வாய் வைத்தார். "இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு?"

ஓட்டல்காரர்களில் ஒருவர், இதற்கு டிஸ்பென்சரிக்கே போய்விடலாமே என்று கிளாஸை நகர்த்திவிட்டு டீ கேட்டார். இரண்டு பேர் கருவாட்டைத் தேடி மோந்து, கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லியாக இருந்த ஒருவர் மட்டும் காலி கிளாஸை அமலாவிடம் நீட்டினார். போகும்போது அந்தப் பீப்பாய் முழுவதும் தனக்கு வேண்டும் என்றார். முதலாளி நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

எல்லோரும் போன பிறகு மாஸ்டர் கிளாஸ்களைக் கழுவினார். கழுவிக்கொண்டே கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பாயசத்துல புகை வந்தா கீழ ஊத்துறோம். இதுல புகை வந்தா பாட்டில்ல ஊத்துறோம். ரெண்டும் புகைதானே?"

"பாயசத்துல புகை ஏறினப்போ அதைக் கிண்ட வேண்டியவர் எங்க இருந்தார்?"

"வெத்தலை போட வெளிய போயிருப்பான்."

"பார்லியில புகை ஏறினப்போ நான் பக்கத்துலயே நின்னேன்."

மாஸ்டர் குழாயை மூடினார். கடைசிக் கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அப்படிப் பார்த்தா, ஜாடியில வெத்தலை போட்டப்போ நானும் பக்கத்துலயேதானே நின்னேன்?"

அமலா அலமாரியைத் திறந்தார். அந்த ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு கிளாஸையும் வைத்தார்.

"அப்போ குடிங்க, மாஸ்டர்."