ஏலத்தில் வந்த தையல் மிஷின்

சீடர் பூவராகன் தம் குருவைவிட ஏழு வயது மூத்தவர். அதை இருவரும் பேசிக்கொள்வதில்லை. பூவராகன் இணையத்தில் ஏலத்தளம் ஒன்று நடத்திவந்தார். பழைய பொருளை யாரும் அதில் விற்கலாம், யாரும் ஏலம் கேட்கலாம். தளத்துக்குத் தரகு உண்டு.

ஒருநாள் ஜெயசீலி என்ற தையல்காரரை மடத்துக்கு அழைத்துவந்தார். தலைவிதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் குரு அவரை அனுப்பிவைப்பார் என்று நம்பினார்.

"இவருடைய ஏலத்தில் எடுத்த தையல் மிஷின், சாமி" என்றார் ஜெயசீலி. "உள்ளே பல்சக்கரம் உடைந்திருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் சீருடை தைத்துத் தராவிட்டால் ஆர்டர் போய்விடும். இவரிடம் சொன்னால், விற்றவரைக் கேள் என்கிறார்."

விற்றவர் பெயர் தங்கப்பழம். குரு அவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஓடாது என்று உமக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி. அந்தம்மா கேட்கவில்லையே."

"ஏம்மா கேட்கவில்லை?"

"ஏலம் முடிகிற நேரம், சாமி. கேட்டுக்கொண்டிருந்தால் வேறொருவர் தட்டிக்கொண்டு போயிருப்பார். விற்றவர் பெயருக்குப் பக்கத்தில் 'நம்பகமானவர்' என்று பச்சை முத்திரை வேறு இருந்தது."

"அதைக் குத்தியது யார்?"

"அது தானாக விழும்" என்றார் பூவராகன். "பத்துப் பொருள் விற்றால் விழும். நாங்கள் எதையும் பார்ப்பதில்லை குருவே. இடம் மட்டும்தான் எங்களுடையது."

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குரு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். ஒரு சந்தையில் உதைக்கிற பசுவை ஒருவன் விற்றான். 'தங்கமான பசு' என்று சொல்லித் தரகன் இருவர் கைமேலும் துண்டைப் போட்டான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடிந்தது. வாங்கியவன் மடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் கறக்க உட்கார்ந்தான், உதைத்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கே திரும்பினான். 'நீ சொன்னாயா?' என்றான். 'நீ கேட்டாயா?' என்றான் விற்றவன்."

"தரகன்?" என்று கேட்டார் பூவராகன்.

"'என்னை ஏன் இழுக்கிறீர்கள், நான் வெறும் துண்டு' என்றான். பேசிப் பேசியே பொழுது போயிற்று. கறக்க ஆளில்லாமல் பசுவுக்கு மடி கட்டிக்கொண்டது."

பூவராகன் முகம் மலர்ந்தது. "தரகன் சொன்னதில் தப்பில்லையே?"

"தப்பே இல்லை, தரகுப் பணத்தையும் அந்தத் துண்டே வாங்கியிருந்தால்."

போனில் தங்கப்பழம் சிரித்தார்.

"சிரிக்காதீர்" என்றார் குரு. "உதைக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நீர்தான்."

சிரிப்பு நின்றது. ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டார்.

பூவராகன் கேட்டார்: "அப்படியானால் பொறுப்பை எப்படித்தான் பிரிப்பது, குருவே?"

"முதலில் பசுவைக் கறவுங்கள்" என்றார் குரு. "திங்கட்கிழமை சீருடை போய்ச் சேர்ந்ததும் மூவரும் வாருங்கள், பிரிக்கலாம்."