தங்கம் வாங்கிய நியூட்ரான்

இருபது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, நாற்பத்தைந்து வயதில் அணுக்கரு ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தவர் அருளப்பன். வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிடப் பதினோரு வயது சின்னவர். ஆனாலும் குருவின் அறைக்குள் அருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி ஜெசிந்தாவுக்கு அலுத்துவிட்டது.

ஆய்வை முடிக்க இன்னும் ஒரு மாதமே அவகாசம். துகள் முடுக்கியில் அருளப்பனுக்குக் கிடைத்த கடைசி நாளும் முடிந்துவிட்டது. அன்று, பெரிலியத்தின் ஒரு நியூட்ரான் தங்கத்துக்குக் கைமாறுமா என்று பார்க்க, தங்கத் தகட்டின் மேல் பெரிலியம் அணுக்கருக்களைப் பாயவிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நேர் மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி முட்ட முடியாத அளவுக்கு வேகத்தைக் குறைக்கச் சொன்னவர் ஜெசிந்தா. அருளப்பனுக்கு அதில் அரை மனசுதான்.

மறுநாள் காலை தகட்டை ஓர் உறையில் போட்டு எடுத்துவந்தார். உறைமேல் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது.

"பார்த்துட்டேன் மேடம். மூட்டை கட்ட வேண்டியதுதான். முட்டவே இல்லையே, அப்புறம் எப்படிக் கை மாறும்?"

ஜெசிந்தா உட்கார்ந்தபடியே கை நீட்டினார். "அந்த உறையைக் கொடுங்க."

அருளப்பன் தள்ளி நின்றே எட்டிக் கொடுத்தார்.

"இப்ப என்னைத் தொட்டீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"உறை யார்கிட்ட இருக்கு?"

அருளப்பன் தன் வெறும் கையைப் பார்த்தார்.

"பெரிலியம் அந்த ஒரு நியூட்ரானை இறுக்கிப் பிடிக்காது. நியூட்ரானுக்கு மின்னூட்டமும் இல்ல, தங்கம் அதைத் தள்ளாது. தகட்டை டிடெக்டர்ல எவ்வளவு நேரம் வெச்சீங்க?"

"பத்து நிமிஷம். எப்பவும் அவ்வளவுதானே?"

அங்கேதான் கோட்டைவிட்டார். அதுவரை அவர் ஆராய்ந்ததெல்லாம் சில நிமிடங்களில் சிதைந்துபோகிற அவசரக் கருக்கள். நியூட்ரானை வாங்கிய தங்கமோ நிதானமானது. பாதியாகக் குறையவே இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அதுவரை காமாக் கதிரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும்.

"திரும்பப் போய் வைங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

மதியம்வரை திரையில் வெறும் இரைச்சல். நாலு மணிக்கு, நியூட்ரான் வாங்கிய தங்கத்துக்கே உரிய இடத்தில் ஒரு சின்ன மேடு. மறுநாள் அது நிமிர்ந்து நின்றது. மூன்றாம் நாள் கோபுரமாகிவிட்டது.

அருளப்பனுக்குச் சந்தோஷப்படப் பயம். "அறையில சும்மா அலையிற நியூட்ரானைத் தங்கம் பிடிச்சிருந்தா? கமிட்டியில முதல் கேள்வியே அதுதான் மேடம்."

ஜெசிந்தா மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தங்கத் தகட்டை எடுத்தார். "இதை அன்னைக்கு அதே அறையில, பெரிலியம் படாத மூலையில தொங்கவிட்டிருந்தேன். இதையும் வெச்சுப் பாருங்க."

ஒரு நாள் முழுக்க வைத்தார். பேருக்குக்கூட ஒரு மேடு இல்லை.

"வந்துடுச்சு! கைமாறிடுச்சு!" என்று அருளப்பன் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். நாலு வருடக் கவலை போன இடம் தெரியவில்லை. கேன்டீனிலிருந்த ஜாங்கிரி அத்தனையையும் வாங்கிவந்து, வாட்ச்மேன்வரை எல்லோர் கையிலும் திணித்தார். குருவின் அறைக்கு முதல்முறையாகச் செருப்போடு ஓடினார். அது அவருக்கே தெரியாது.

கடைசி ஜாங்கிரியை நீட்டும்போதுதான் ஒரு குறை ஞாபகம் வந்தது.

"மேடம், ஆய்வேட்டுல ஒரு வரி மட்டும் உதைக்குது. பெரிலியத்தைப் பத்தி என்னன்னு எழுத? அவ்வளவு தூரம் வந்தும் உள்ளே நுழைய முடியலையே. தோத்துத் திரும்பிடுச்சுன்னு எழுதவா?"

ஜெசிந்தா ஜாங்கிரியை வாங்கிக்கொண்டார்.

"தங்கத்துகிட்டயே கேளுங்க. வாங்கினதைப் பத்தி நாலு நாளா அதுதானே பேசிக்கிட்டிருக்கு."