பல்லி விட்டுவந்த வால்

அந்தக் காலத்தில், பல்லியின் வாலும் மற்றவர்களுடைய வாலைப் போலக் கெட்டியாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது எல்லா உயிர்களும் பேசின. பேசியதோடு நில்லாமல் ஞாயிறுதோறும் கோயிலுக்கும் வந்தன.

நெடுவிளை ஓலைக்கோயிலில் மனிதரும் மாடும் குருவியும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியார் மாசிலாமணி நல்ல மனிதர்தான். ஆனால் எதற்கும் ஒரு பட்டியல் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கும் பட்டியல் போட்டார். கடவுள் தனக்குக் கொடுத்த வரம் எதுவென்று அவரவர் சொல்லவேண்டும். சேவல் வாசல் காப்பதாகச் சொன்னது. தேனீ மெழுகு தருவதாகவும், குயில் பாடுவதாகவும் சொல்லின. பல்லியின் முறை வந்தபோது, விளக்கைச் சுற்றும் பூச்சியையும் பாட்டுப் புத்தகத்தை அரிக்கும் பூச்சியையும் தின்பேன் என்றது.

கோயிலே சிரித்தது. தின்பது வரமென்றால் தானும் பெரிய ஊழியக்காரன்தான் என்று எருமை சொன்னது. சொந்தமாக ஒரு கூடு கட்ட வக்கில்லாத குயில்கூடச் சிரித்ததைத்தான் பல்லியால் பொறுக்க முடியவில்லை. உபதேசியார் சிரிக்கவில்லை, பல்லியின் பெயரை எழுதவும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் பண்டிகையன்று வெளியே நின்று கேட்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். நத்தைக்கும் மண்புழுவுக்கும் அதே தீர்ப்புதான். அவை தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டன.

பல்லிக்கு மனம் ஆறவில்லை. என் தகப்பன் வீட்டுக்குள் நுழைய எனக்கு எதற்குப் பட்டியல் என்று உள்ளுக்குள் கொதித்தது.

பண்டிகை மாலை, விளக்கேற்றும் நேரத்தில், அது நிலைப்படியோரமாக ஊர்ந்து உள்ளே நுழைந்தது. பார்த்துவிட்ட சேவல் கதவை அறைந்து சாத்தியது. உடம்பு உள்ளே வந்துவிட்டது, வால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.

"வெளிய போறேன்னு ஒரு வார்த்த சொல்லு, கதவத் தொறக்கேன். வாலும் பிழைக்கும்," என்றது சேவல்.

பல்லிக்கு உயிர் போகிற வலி. அழுதது உண்மைதான். ஆனாலும், "வால நீயே வச்சுக்கோ," என்று சொல்லி ஒரே இழுப்பாக இழுத்து, வாலை அங்கேயே விட்டுவிட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

உபதேசியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். சபை ஒரே உடம்பு, நாமெல்லாம் அதன் உறுப்புகள், ஒன்றுக்கு நொந்தால் எல்லாவற்றுக்கும் நோகும் என்றார். தலைக்கு மேலே "ச்சு, ச்சு" என்று சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு நோகுது, ஐயா?" என்று பல்லி கேட்டது. "என் உறுப்பு ஒண்ணு அந்தக் கதவுல துடிச்சிக்கிட்டுக் கெடக்கு. இங்க ஒருத்தருக்காவது வலிச்சுதா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் பெய்த மழைக்குக் கிளம்பிய ஈசல், அந்நேரம் பார்த்து ஓலை இடுக்கு வழியே உள்ளே கொட்டியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நிலைமையைச் சமாளிக்கப் பாட வாயைத் திறந்த குயிலின் தொண்டையை ஈசல் அடைத்தது. உபதேசியார் சுவரைப் பார்த்துக் கைகூப்பி, பட்டியலில் பல்லியின் பெயரையே முதலில் எழுதுவதாகச் சொன்னார்.

"என் பேர எழுத வேண்டாம்," என்றது பல்லி. "நான் பூச்சியத் தின்னாலும் தின்னாட்டாலும் இது என் தகப்பன் வீடு. வெளிய நிக்கிறவங்களக் கூப்பிடுங்க, அப்புறம் பார்ப்போம்."

அவர் பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய், வாலை மிதித்துவிடாமல் தானே கதவைத் திறந்தார். மண்புழு வந்தது. நத்தை வந்து சேரும் வரை, முகத்தில் ஈசல் மொய்க்க மொய்க்க, சபை முழுவதும் காத்திருந்தது. பிறகுதான் பல்லி தன் வேலையைத் தொடங்கியது. முன்வரிசைப் பாயில் உட்காரக் கூப்பிட்டார்கள். அது இறங்கவில்லை.

அன்று முதல்தான் பல்லி, பிடிக்கிறவன் கையில் வாலை விட்டுவிட்டுத் தன் வழியே போகிறது. கடவுளும் அதற்கு வேறு வால் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கோயில் சுவரில் அது "ச்சு, ச்சு" என்றால், பிரசங்கம் பண்ணுகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், ஒரு நொடி வாசல் பக்கம் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுகிறார்.